திமிங்கில அளவில் ஒரு வரி

ரஸ்ஸல் பாஸ்கோ மென்பொருளில் அந்த வரியை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திருத்திவிட்டான். ஒரே வரி. திருத்தி, சோதித்து, தெருமுனைக் கடையில் சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை ஒன்று வாங்கித் தின்றுவிட்டு வந்து இன்னொரு முறை சோதித்தான். சரியாக இருந்தது. அப்போது ஜூலை மாதம். அக்டோபர் முதல் ஞாயிறுக்குள் அது கணினியில் ஏறினால் போதும். அவன் கவலைப்படவில்லை.

அவன் வேலை பார்த்தது லான்செஸ்டனில், ஆற்று எச்சரிக்கை ஆணையத்தில். மெல்பர்னுக்குத் தெற்கே கடல் தாண்டி இருக்கும் அந்தத் தீவின் வடபுறத்து ஆறுகளில் ஆணையம் அளவுமானிகளை நட்டு வைத்திருந்தது. தண்ணீர் ஏறினால் அளவுமானி அலுவலகக் கணினிக்குச் சொல்லும். கணினி கரையோரப் பண்ணைக்காரர்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். அவர்கள் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போவார்கள். குளிர்காலம் முழுக்க இது ஒழுங்காக நடக்கும். அக்டோபரில், கோடைக்கென்று ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் கோளாறு தொடங்கும். அளவுமானிகள் தாமாகவே தள்ளிக்கொள்ளும். அலுவலகத்துப் பழைய கணினி தள்ளிக்கொள்ளாது. மூன்று மணிக்கு அளவுமானி வெள்ளம் என்று சொன்னால், கணினியின் கடிகாரத்தில் இரண்டுதான் ஆகியிருக்கும். இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய செய்தி என்று எண்ணி, அது நடக்கும்வரை கணினி மரியாதையாக ஒரு மணி நேரம் காத்திருக்கும். பிறகு அனுப்பும்.

போன அக்டோபரில் டன்னிங் ஆற்றங்கரையில் லியான் ட்ரிஃபிட்டுக்குச் செய்தி வந்தபோது அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கிடேரிகள் தாழ்நிலத்தில் இருந்தன. பாதிக்கு மேல் ஆறு கொண்டுபோய்விட்டது. அவள் ஆணையத்துக்குப் போன் செய்தாள். அன்று எல்லோரும் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்ததால் பாஸ்கோ எடுத்தான். அன்றிலிருந்து அவள் அவனை மட்டுமே கூப்பிட்டாள். வரியைத் திருத்திய அன்றும் கூப்பிட்டாள்.

"சரி பண்ணிட்டியா ரஸ்?"

"பண்ணிட்டேன் லியான்."

"போட்டாச்சா?"

"இன்னும் போடல."

"போடாம எங்க வெச்சிருக்க?"

"என் கம்ப்யூட்டர்ல."

"ஓ. உன் கம்ப்யூட்டர் பக்கத்துல ஆறு ஏதும் ஓடுதா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாரு, இந்த வருஷமும் கிடேரி போச்சுன்னா பண்ணைய வித்துட்டு டெவன்போர்ட்ல என் அக்கா வீட்டு மாடிக்குத்தான் போகணும். எனக்கு அக்காவப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. புரியுதா?"

புரிந்தது. முந்தைய வருடமாக இருந்திருந்தால் பாஸ்கோ கீழ்த்தளத்துக்குப் போய், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் சொல்லி, அன்று மாலையே ஏற்றியிருப்பான். ஆனால் அந்த ஜூலையில் ஆணையம் உருமாறத் தொடங்கியிருந்தது.

தலைமை இயக்குநர் கிரேம் ஓல்ட்மெடோ மெல்பர்னில் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்திருந்தார். உலகத்தின் சிறந்த நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் தினமும் வெளியிடுகின்றன என்று அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆணையம் வருடத்துக்கு மூன்று முறை வெளியிட்டது. ஓல்ட்மெடோ விமானத்தில் தூங்கவில்லை. ஒரு மணி நேர விமானம்தான், இருந்தாலும் தூங்கவில்லை என்று கூட்டத்தில் இரண்டு முறை சொன்னார். நிறுவனங்களுக்குப் புதிய வேலைமுறைகளைக் கற்றுத்தரும் ஒரு மெல்பர்ன் கம்பெனியை அமர்த்தினார். கம்பெனி ஜசிந்தா வான்டர்மீரை அனுப்பியது.

ஜசிந்தா பஞ்சு அடைத்த கறுப்பு மேல்சட்டை போட்டு, சொந்தக் காப்பிக் கோப்பையோடு திங்கட்கிழமை காலை விமானத்தில் வருவாள். வியாழன் மாலை திரும்புவாள். முதல் நாள் கூட்ட அறையிலிருந்த நாற்காலிகளை வெளியேற்றினாள். உட்கார்ந்தால் கூட்டம் நீளும் என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் எல்லோரும் நின்றார்கள். கரடிக்குட்டி போன்ற உள்ளூர் விலங்கான வாம்பேட்டின் பொம்மை ஒன்று கைமாறிச் சுற்றிவரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்னைத் தடுப்பது எது. அவ்வளவுதான்.

வாம்பேட் பாஸ்கோவிடம் வந்தது.

"நேத்து ஒரு வரி திருத்தினேன். இன்னிக்கு அதப் போடணும். தடுக்கிறது இந்தக் கூட்டம்."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஜசிந்தா சிரிக்கவில்லை. இளஞ்சிவப்பு ஒட்டுத்தாளில் 'கூட்டம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

"ரொம்ப நேர்மையா சொன்னீங்க ரஸ். இதப் பத்திப் பேச வியாழக்கிழமை ஒரு கூட்டம் போடலாம்."

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பாஸ்கோவின் வேலைக்கு அளவே போடப்படவில்லை என்று தெரியவந்தது. அளவு போடாத வேலையைச் செய்ய முடியாது.

"செஞ்சுட்டேன் ஜசிந்தா."

"அளவு தெரியாம எப்படிச் செஞ்சீங்க?"

"சின்னதா இருந்துச்சு. செஞ்சேன்."

"சின்னதுன்னு நீங்க நினைக்கிறீங்க. குழு என்ன நினைக்குதுன்னு கேக்க வேண்டாமா?"

குழுவிடம் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு தந்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விலங்கு; வேலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய விலங்கைக் காட்ட வேண்டும். பக்கத்து மேசை ஹுவோங், மென்பொருளைச் சோதிப்பவள், கட்டு முழுவதையும் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல எறும்பு இல்லையே."

"ரொம்பச் சின்னது பொட்டோருங்கிற கங்காரு எலி," என்றாள் ஜசிந்தா.

"எலி பெருசு."

பாஸ்கோவும் ஹுவோங்கும் எலியைக் காட்டினார்கள். ஆணையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த எட்டுப் பேருக்கு அந்த வரி என்னவென்றே தெரியாது. தெரியாத வேலை என்பதால் எச்சரிக்கையாகத் திமிங்கிலத்தைக் காட்டினார்கள். திமிங்கிலம் வென்றது.

திமிங்கிலம் இரண்டு வாரத்துக்குள் முடிகிற வேலை இல்லை. இரண்டு வாரத்துக்குள் முடியாத எதையும் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும் என்பது விதி. பாஸ்கோ கையைத் தூக்கினான்.

"ஒரு வரிய எப்படிப் பிரிக்கிறது?"

"அதான் இந்த முறையோட அழகு," என்றாள் ஜசிந்தா. "பிரிக்க முடியாதுன்னு நாம நம்புறதுதான் நம்மளப் பிரிக்குது."

இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. வாம்பேட் அவள் கையில் இருந்தது. வரியின் இடது பாதி ஆகஸ்ட் முதல் பாதிக்கும், வலது பாதி ஆகஸ்ட் இரண்டாம் பாதிக்கும் ஒதுக்கப்பட்டன. முதல் இரண்டு வாரம் முடிந்ததும் இடது பாதி நிறைவேறியதாக அறிவித்துக் கைதட்டினார்கள். பாதி வரி ஓடாது என்று பாஸ்கோ சொன்னான். முன்னேற்றம் என்பது ஓடுவது மட்டுமல்ல என்று பதில் வந்தது.

செப்டம்பரில் இரண்டு பாதியும் ஒன்றுசேர்ந்தன. ஜூலையில் இருந்த அதே வரி. இனிப் போடலாமா என்று கேட்டான். இது யாருக்கு வேண்டும் என்று முதலில் உறுதிப்படுத்த வேண்டும் என்றாள் ஜசிந்தா. பாஸ்கோ லியானுக்குப் போன் செய்தான். காலைக் கறவையை முடித்துவிட்டு, ரப்பர் பூட்ஸோடு அப்படியே வண்டியேறி அவள் லான்செஸ்டனுக்கு வந்தாள்.

கூட்ட அறை மூலையில் ஆளுயர அட்டைப் பெண் ஒருத்தி நின்றாள். தொப்பி, கட்டம் போட்ட சட்டை, சிரித்த முகம். கழுத்தில் 'வெள்ளநிலத்து வெண்டி' என்று எழுதியிருந்தது. கம்பெனி ஆறு வாரம் உழைத்து உருவாக்கிய மாதிரிப் பண்ணைக்காரி அவள்.

"நம்ம எல்லா முடிவுலயும் வெண்டிதான் நடுவுல இருக்கா," என்றாள் ஜசிந்தா. "அவளோட ஆசை, பயம், கனவு எல்லாம் பதிவு பண்ணி வெச்சிருக்கோம்."

லியான் வெண்டியைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இவ எத்தன மாடு வெச்சிருக்கா?"

"அந்த அளவுக்கு நாங்க போகல."

"எனக்கு மெசேஜ் ஒரு மணி நேரம் லேட்டா வருதும்மா. மாடு செத்துப்போகுது. அதத்தான் சொல்ல வந்தேன்."

ஜசிந்தா தன் காகிதங்களைப் புரட்டினாள். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "வெண்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லையே. செய்தி இன்னும் கொஞ்சம் அன்பா இருக்கணும்னுதான் அவ ஆசைப்படுறா. பெயர் சொல்லிக் கூப்பிடணும். மொட்டையா வெள்ளம்னு சொன்னா அவளுக்குப் பதற்றமாகுது."

"பதற்றமாகணும்," என்றாள் லியான். "வெள்ளம்மா அது."

"ஒரு தனிப்பட்ட அனுபவத்த வெச்சு எல்லாப் பண்ணைக்காரங்களுக்கும் முடிவெடுக்க முடியாது, லியான். நீங்க ஒருத்தர். வெண்டி எல்லாரும்."

லியான் போகும்போது பாஸ்கோவின் மேசைப் பக்கம் நின்றாள். "உன்னத் திட்டலாம்னுதான் வந்தேன். பாவமா இருக்கு. வரேன்."

இதற்கிடையில் ஓல்ட்மெடோ நாள்தோறும் வெளியீடு எங்கே என்று கேட்கத் தொடங்கியிருந்தார். ஜசிந்தாவின் கம்பெனி அதற்கு ஒரு வழி செய்தது. தினமும் காலை பத்து மணிக்குத் தானாக ஓடும் ஒரு கருவியை எழுதித் தந்தது. மென்பொருளில் இருந்த ஒரு குறிப்பின் கடைசியில் அது ஒரு வெற்றிடத்தைச் சேர்க்கும். ஒரே ஒரு காலி எழுத்து. யாருக்கும் தெரியாது, எதையும் தொடாது. சேர்த்துவிட்டு முழு மென்பொருளையும் வெளியிடும். வரவேற்பறையில் பெரிய திரை மாட்டினார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து அமைச்சரின் ஆட்கள் வந்து திரைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"தினமும்தான் வெளியிடுறோமே, என் வரியையும் அதோட சேத்துப் போடலாமே," என்றான் பாஸ்கோ.

ஜசிந்தா அவனை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். தணிந்த குரலில், அக்கறையோடு பேசினாள்.

"ரஸ், உங்க வரியில எனக்கு ஒரே ஒரு சங்கடம்தான். அது எதையோ மாத்துது."

"மாத்தணும்னுதான் எழுதினேன்."

"புரியுது. ஆனா பாருங்க, இதுவரைக்கும் நாம பண்ணின ஒரு வெளியீடுகூடத் தோக்கல. ஏன்? ஒண்ணுகூட எதையும் மாத்தல. இந்தக் குழு கஷ்டப்பட்டு அந்த நம்பிக்கைய வளர்த்திருக்கு. உங்க ஒருத்தரோட வரிக்காக அதப் பணயம் வைக்கச் சொல்றீங்க."

ஒரு வழி இருக்கிறது என்றாள். செப்டம்பர் கடைசித் திங்கட்கிழமை இடர் ஆய்வுக் கூட்டம். அதில் ஒப்புதல் வாங்கினால் போடலாம். அந்தத் திங்கட்கிழமை விமான நிலையத்தில் மூடுபனி. ஜசிந்தாவின் விமானம் பள்ளத்தாக்கின் மேல் வட்டமடித்துவிட்டு மெல்பர்னுக்கே திரும்பியது. அவள் இல்லாமல் கூட்டம் நடத்தக் கூடாது. குழு தானே முடிவெடுக்கப் பழகுவதை அவள் இருந்து கவனிக்க வேண்டும். கூட்டம் அக்டோபர் நடுவுக்குத் தள்ளிப்போனது.

வெள்ளிக்கிழமை வானிலை அறிக்கை ஞாயிறு மதியம் வடக்கு மலைகளில் கனமழை என்றது. அதே ஞாயிறுதான் கடிகாரம் மாறும் நாள்.

பாஸ்கோ ஹுவோங்கின் மேசைக்குப் போய் நின்றான். அவள் திரும்பாமலே பேசினாள்.

"காலி எழுத்து போடுற கருவி நாளைக்கும் பத்து மணிக்கு ஓடும். சனிக்கிழமை யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் ஒண்ணும் கேக்கலயே."

"நானும் ஒண்ணும் சொல்லல. உன் வரிய இன்னிக்குச் சாயங்காலம் மறுபடி சோதிச்சேன். அதையும் நான் பண்ணல."

அவன் வரியைக் காலி எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தான். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கருவி ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. வீட்டிலிருந்து பார்த்தான், வரி உள்ளே இருந்தது. லியானுக்குப் போன் செய்து போட்டாச்சு என்றான். அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "உனக்கு ஒரு பெரிய பாலாடைக்கட்டி வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோ," என்றாள்.

ஞாயிறு மதியம் மழை சொன்னபடி வந்தது. பாஸ்கோ மடிக்கணினியைத் திறந்து டன்னிங் ஆற்றின் அளவுமானியைப் பார்த்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியது. செய்தி போகவில்லை. கணினி மரியாதையாகக் காத்திருந்தது.

வரியைத் தேடினான். இல்லை.

காரணம் பிடிபடச் சற்று நேரமானது. அந்தக் கருவி ஒரு நாள் காலி எழுத்தைச் சேர்க்கும், மறுநாள் எடுத்துவிடும். எடுக்காவிட்டால் குறிப்பு நீண்டுகொண்டே போகுமல்லவா. எடுப்பது என்றால் அந்த ஓர் எழுத்தை மட்டும் எடுப்பதல்ல. முழு மென்பொருளையும் முந்தைய வெளியீட்டுக்குத் திருப்பிவிடும். இப்படி ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே என்று ஆணையம் மூன்று வாரமாக அதே இடத்தில் தினமும் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அன்று காலை பத்து மணிக்குக் காலி எழுத்தோடு அவனுடைய வரியும் போய்விட்டது. அதற்கும் ஒரு பச்சை விளக்கு எரிந்திருந்தது.

போனை எடுத்தான்.

"லியான், மாட்ட ஓட்டு. இப்பவே."

"மெசேஜ் வரலியே."

"வராது. நான் சொல்றேன். ஆறு கோட்டத் தாண்டிடுச்சு."

"போட்டாச்சுன்னு சொன்ன."

"சொன்னேன். ஓட்டு லியான்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, கதவு திறந்தது, நாய் குரைத்தது. "ஆத்தோரம் கீழ இருக்கிறவங்களுக்கு நான் போன் போட்டுக்கிறேன், நீ ஆத்தப் பாரு," என்றாள். நாலு சக்கர பைக் கிளம்பும் சத்தத்தோடு தொடர்பு அறுந்தது.

கடைசிக் கிடேரி மேட்டில் ஏறியபோது தாழ்நிலத்து வேலிக் கம்பங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது என்று பிறகு சொன்னாள். ஒன்றுகூடப் போகவில்லை. அவள் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது ஆணையத்தின் செய்தி, வெளியீடே தேவைப்படாமல் வெண்டிக்காக மாற்றிய வாசகத்தில், வந்தது: 'வணக்கம் லியான்! இன்றைய நாள் உங்களுக்கு இனிதாக இருக்கும் என்று நம்புகிறோம். உங்கள் அருகில் இருக்கும் ஆறு கொஞ்சம் உற்சாகமாக இருக்கிறது.'

திங்கட்கிழமை காலை பாஸ்கோ விளக்கம் கேட்பார்கள் என்று தயாராகப் போனான். கூட்ட அறையில் லாமிங்டன் கேக் தட்டுகள் இருந்தன. ஓல்ட்மெடோ டை கட்டியிருந்தார். மூடுபனி இல்லை, ஜசிந்தாவும் வந்திருந்தாள்.

"நண்பர்களே," என்றார் ஓல்ட்மெடோ. "நேத்து டன்னிங் ஆத்துல என்ன நடந்துச்சுன்னு எண்கள் வந்திருக்கு. நம்ம செய்தி போனதுக்கப்புறம் பண்ணைக்காரங்க மாட்ட நகர்த்த எவ்வளவு நேரம் எடுத்துக்கிறாங்கன்னு நாம அளக்குறோம். வழக்கமா முக்கால் மணி நேரம் ஆகும். நேத்து, செய்தி போறதுக்கு முன்னாடியே எல்லாரும் நகர்த்தி முடிச்சிட்டாங்க. பூஜ்யத்துக்குக் கீழ போயிருக்கோம். நாட்டுல எந்த ஆணையமும் பூஜ்யத்துக்குக் கீழ போனதில்ல."

கைதட்டினார்கள்.

"நான் போன் பண்ணினேன் கிரேம்," என்றான் பாஸ்கோ. வாம்பேட் அவன் கையில் இல்லை.

"தெரியும் ரஸ். லியான் ட்ரிஃபிட் நன்றி சொல்லி எனக்கே எழுதியிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை, யாரும் கேக்காம, ஒரு பயனாளருக்குப் போன் பண்ணணும்னு உனக்குத் தோணிச்சே. ஒரு வருஷத்துக்கு முன்னாடி தோணியிருக்குமா? இந்தக் கலாச்சாரத்தத்தான் ஜசிந்தா கொண்டு வந்தாங்க."

ஜசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அந்த வரியப் போட்டா செய்தி நேரத்துக்குப் போகும். நான் போன் பண்ண வேண்டியதில்ல."

ஓல்ட்மெடோ பொறுமையாகச் சிரித்தார். "கொஞ்சம் யோசி. வரியப் போட்டா செய்தி முன்னாடி போகும். மாடு அதுக்குப் பின்னாடி போகும். எண் மறுபடி பூஜ்யத்துக்கு மேல வந்துடும். இவ்வளவு தூரம் வந்துட்டு நீ ஏன்ப்பா எங்களப் பின்னால இழுக்கிற?"

ஜசிந்தா சுவருக்குப் போய், பாஸ்கோவின் பெயர் போட்ட திமிங்கிலத் தாளை எடுத்து 'முடிந்தது' என்ற கட்டத்தில் ஒட்டினாள். இரண்டாம் முறை கைதட்டினார்கள். பாஸ்கோவுக்கு லாமிங்டன் தட்டை நீட்டினார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனான்.

போன் அடித்தது. லியான்.

"கோவிச்சுக்காத ரஸ். கீழ இருக்கிற பண்ணைக்காரங்க எல்லாம் யார் சொன்னான்னு கேட்டாங்க. உன் நம்பரக் குடுத்துட்டேன். புதன்கிழமை மறுபடி மழையாமே."

"ஆமா. சொன்னாங்க."

"எடுப்பேல்ல?"

எடுப்பேன் என்றான். வைத்ததும் மறுபடி அடித்தது. தெரியாத எண். வயதான ஆணின் குரல், பின்னால் கறவை இயந்திரத்தின் இரைச்சல்.

"ஏம்ப்பா, ஆத்து எச்சரிக்கை ஆணையமா?"

பாஸ்கோ கூட்ட அறைப் பக்கம் பார்த்தான். அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க," என்றான்.